அழகர்கோவிலில் எத்தனை எழுத்து?

மதுரையிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் அழகர்கோவில். அந்த ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரல்விட்டு எண்ணி ஏழு என்று சொல்லிவிடும்: அ, ழ, க, ர், கோ, வி, ல். இதையே கணினியிடம் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வருகிறது. பைத்தானில் நீளம் கேட்டால் 11. ஜாவாவிலும் 11. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'நீளம்' என்றே பெயர் வைத்த கட்டளை 33 என்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி மட்டும் பிள்ளையோடு ஒத்துப்போய் 7 என்கிறது. இவற்றில் ஒன்றுகூடத் தப்பான விடை அல்ல. ஒரே சொல்லுக்கு ஏன் மூன்று விடை என்பது கணினி அறிவின் அரிச்சுவடி. ஆனால் கணினிப் பொறியியலில் பட்டம் வாங்கி, நாள் முழுக்க நிரல் எழுதிப் பிழைப்பவர்களிலேயே பலர் இந்த அரிச்சுவடியில் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்கு மூளை போதவில்லை என்பது காரணம் அல்ல. அவர்கள் கற்றது முழுவதும் ஆங்கில எழுத்தில் மட்டுமே சோதிக்கப்பட்டது என்பதும், அங்கே இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது என்பதும்தான் காரணம். தமிழில் வைத்து உரசினால் உடனே தெரிந்துவிடும்.

'பலர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது; சான்று வேண்டும். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் நிரலாக்கத்தின் தொடக்கப் பாடங்களைப் படித்த 216 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. கூட்டல் கழித்தல் போடும் எளிய கால்குலேட்டருக்கு நிரல் எழுத வேண்டும், அவ்வளவுதான். 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 22.89. இந்தியாவில் ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 36,000-க்கும் மேற்பட்ட பொறியியல் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து 2017-இல் அறிக்கை வெளியிட்டது. தர்க்கம் பிசகாத நிரலை எழுதியவர்கள் 4.77 சதவீதம். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோரின் நிரல் கம்பைல்கூட ஆகவில்லை. தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் தருகிற எண்ணை அப்படியே நம்பலாமா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அந்த எண்ணில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுப் பார்த்தாலும் நிலைமை கவலைக்குரியதுதான்.

மாணவர்கள் தடுமாறுவது இயல்பு, அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இன்னொரு சான்று உண்டு. அகராதியை நடுவில் திறந்து, தேடும் சொல் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்துப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடுகிறோமே, அந்த முறையைத் தொழில்முறை நிரலாளர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார் கணினி அறிஞர் ஜான் பென்ட்லி. பத்தில் ஒன்பது பேர் எழுதியதில் பிழை இருந்ததாகத் தம் புத்தகத்தில் பதிவு செய்தார். சரியான நிரலையும் எழுதி, அது சரி என்று நிறுவியும் காட்டினார். இருபது வருடம் கழித்து, 2006-இல், ஜோஷுவா பிளாக் அந்தச் 'சரியான' நிரலிலும் பிழை இருக்கிறது என்று சொன்னார். தாம் ஜாவாவின் பொது நூலகத்துக்கு எழுதிய நிரலில் அதே பிழை ஒன்பது வருடம் கிடந்ததையும் மறைக்காமல் சொன்னார். பிழை மிகச் சின்னது. நடுவிடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். எதிர்ம எண்களுக்கும் இடம் விட்ட 32 பிட்டில் கொள்ளும் மிகப் பெரிய எண் 2,147,483,647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் மறுபக்கம் வழிந்து எதிர்ம எண்ணாகிவிடும். கணினிக்குள் இருக்கும் எண் நம் நோட்டுப் புத்தகத்து எண் அல்ல, அளவு வைத்த பாத்திரத்தில் ஊற்றிய எண் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். தெரிந்திருந்தும் கை அதை மறந்துவிடுகிறது.

எண்ணில் இருக்கும் இன்னொரு பொறி தமிழ்க் கணக்குத் தெரிந்தவர்களுக்கு நன்றாக விளங்கும். கணினியில் பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டினால் பத்தில் மூன்று வராது, 0.30000000000000004 என்று வரும். இதைப் பார்த்துக் கணினியில் கோளாறு என்று நினைக்கிற பொறியாளர்கள் உண்டு. கோளாறு எதுவும் இல்லை. கணினி எதையும் பாதி, பாதியில் பாதி என்றே பிரிக்கிறது. நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று போகிற வரிசை இதே பாதிப்படியில் இறங்குவது: இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. இவை நான்கும் கணினிக்குள் துல்லியமாக உட்காரும். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முன்னூற்றிருபதில் ஒன்று. இந்த மூன்றின் வகுஎண்ணிலும் ஐந்து ஒளிந்திருக்கிறது. ஆகவே எத்தனை பிட் கொடுத்தாலும் இவை முழுசாக அடங்காமல் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதுவதுபோல் முடிவில்லாமல் ஓடும். எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். பத்தில் ஒன்றும் அதே சாதி. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி, 24 பிட்டில் வெட்டிய மதிப்பால் பெருக்கிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் வெட்டுண்ட துளிகள் சேர்ந்து 0.34 வினாடி ஆயின. அந்த நேரத்துக்குள் எதிரி ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தடுப்பு அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள்.

எழுத்துக்கு வருவோம். யூனிகோடு தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. 247 எழுத்தும் இதற்குள் தனித்தனியே அடங்காது. எனவே க-வுக்கு 2965 என்று ஓர் எண் (குறியெண்), புள்ளிக்கு 3021 என்று ஓர் எண், மேல்விலங்குக்கு ஓர் எண், இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஓகாரக் குறிக்கு 3019 என்று ஓர் எண். அழகர்கோவிலை இப்படிப் பிரித்து வைத்தால் அ, ழ, க, ர, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, மேல்விலங்கு, ல, புள்ளி. பதினொன்று. பைத்தான் சொன்னது இந்த எண்ணிக்கையை. வட்டில் எழுதும்போது, இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று பைட் செலவாகும். க என்றால் 224, 174, 149. பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33. மதுரையில் மல்லிகைப்பூ விற்பவரிடம் மூன்று அளவு உண்டு. மாட்டுத்தாவணிச் சந்தையில் உதிரிப்பூ கிலோவில் போகும். கட்டிய பூ முழத்தில் போகும். நூறு பூ, இருநூறு பூ என்று எண்ணிக்கையிலும் போகும். எந்த வியாபாரியும் கிலோ விலையை முழத்துக்குச் சொல்லிவிட மாட்டார். எழுத்து, குறியெண், பைட் மூன்றும் அப்படித்தான். மூன்றையும் 'நீளம்' என்ற ஒரே சொல்லால் சுட்டப் பழகியவருக்குக் கையில் இருப்பது முழமா கிலோவா என்றே தெரியாமல் போகிறது.

இது ஏதோ பாடத்திட்டத்தில் இல்லாத இரகசியம் அல்ல. தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலில், எண்முறைகள் பாடத்திலேயே ஆஸ்கி, இஸ்கி, யூனிகோடு என்று எல்லாப் பெயரும் வருகின்றன. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விரிவாக்கமும் விளக்கமும் எழுதத் தெரிகிறது. அந்த அறிவு கைக்கு இறங்குவதற்கான சந்தர்ப்பம்தான் அமைவதில்லை. ஏனென்றால் ஆய்வகத்தில் தட்டெழுதும் சொற்கள் எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண், ஒரு குறியெண்ணுக்கு ஒரு பைட். பூக்கடைக் கணக்கில் சொன்னால் முழமும் கிலோவும் எண்ணிக்கையும் ஒரே எண்ணாக வந்து நிற்கிற அபூர்வமான பூ அது. அதில் மட்டுமே பழகியவருக்கு மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றுவதில் வியப்பில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட்டும் கீலும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பெயர் கொடுத்தது: விளக்க ஆழத்தின் மாயை. ஜிப், பூட்டு, கழிப்பறைத் தொட்டி முதலியவை எப்படி வேலை செய்கின்றன என்று நன்றாகத் தெரியும் என்று சொன்னவர்கள், படிப்படியாக எழுதிக் காட்டச் சொன்னதும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். தினமும் பயன்படுத்துவதால் வரும் பழக்கம் புரிதல்போலவே தோற்றம் தருகிறது. கணினியைப் போல் தன் உள்ளமைப்பை அடுக்கடுக்காக மூடி வைத்த கருவி வேறு இல்லை. ஆகவே அந்த மாயைக்கு இதைவிட வசதியான இடமும் இல்லை.

மூடியைத் திறக்க ஒரு சின்னச் சோதனை போதும். கொடுத்த சொல்லைத் தலைகீழாக்கு என்பது வேலைக்கான நேர்முகத் தேர்வில் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி. விடையை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், ஒரே வரி. அந்த வரிக்கு அழகர்கோவிலைக் கொடுத்தால், முதலில் ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி தனியே நிற்கும், அதன் பின் 'லிவோக்ரகழஅ' என்று வரும். வர வேண்டியது 'ல்விகோர்கழஅ'. லி, வோ, க், ர ஆகிய நான்கும் மூலச் சொல்லில் இல்லவே இல்லாத எழுத்துகள். ல்-இன் புள்ளி கழன்று முன்னே போக, வ-வின் மேல்விலங்கு ல-வின் தலையில் ஏறியது. க-வுக்குரிய ஓகாரத்தை வ பிடித்துக்கொண்டது. ர்-இன் புள்ளி க-வின் மேல் உட்கார்ந்தது. நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி முடிந்துவிடுகிறது. இந்தப் பதினொரு குறியெண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.

இதனால் அன்றாடத்தில் என்ன கெடுகிறது? நிறையக் கெடுகிறது. மதுரையைச் சுற்றிய நான்கு ஊர்ப்பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில், அனுப்பானடி என்று வர வேண்டும். ல, வ, ழ, ள, ற, ன என்பது நாம் படித்த வரிசை. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், அனுப்பானடியை முதலில் தூக்கிப் போட்டு, அழகர்கோவிலை அவனியாபுரத்துக்கு முன்னால் வைக்கும். ன-வின் எண் 2985, ழ-வின் எண் 2996, வ-வின் எண் 2997 என்பதே அதற்குத் தெரியும். பெயர்ப்பட்டியலில் தன் பெயரைத் தேடுகிறவர் இருக்க வேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு, இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவார். குறுஞ்செய்தி இன்னொரு இடம். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கில எழுத்து ஏழு பிட்டில் அடங்குவதால் 160 எழுத்து போகும். தமிழில் எழுதினால் வழக்கமாகக் குறியெண்ணுக்கு இரண்டு பைட் வீதம் 70 குறியெண்தான் போகும். அழகர்கோவிலின் விகிதப்படி அது 44 எழுத்து. இதை அறியாமல் 'எழுபது எழுத்துக்குள் எழுதுங்கள்' என்று படிவத்தில் போட்டால், எழுதியவர் எண்ணி எழுதியும் செய்தி இரண்டாக உடையும், செலவும் இரட்டிக்கும். பத்துக் குறியெண்ணோடு வெட்டும் பெட்டியில் நம் ஊர் 'அழகர்கோவில' ஆகிவிடும்.

இவற்றைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத பிழை. கோ-வை க-வோடு 3019 சேர்த்தும் எழுதலாம். க-வோடு இரட்டைக்கொம்புக்கான 3015, துணைக்காலுக்கான 3006 இரண்டையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று யூனிகோடு விதியும் வைத்திருக்கிறது. ஆனால் நிரலாளர் அந்த விதிப்படி முதலில் சீராக்காமல் நேரடியாக ஒப்பிட்டால் கோமதியும் கோமதியும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள். ஆவணத்தில் ஒரு கோமதி, விண்ணப்பத்தில் ஒரு கோமதி. பொருந்தவில்லை என்று கணினி சொல்லும். வரிசையில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன தவறு என்று யாராலும் காட்ட முடியாது, ஏனென்றால் காட்டுவதற்குக் கண்ணில் எதுவும் படாது. கௌரி-யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பையும் ள-வையும் தட்டும் பழக்கம் வேறு தனியே இருக்கிறது. அது தட்டெழுதுபவரின் பிழை. கோமதியின் பிழை முழுக்க முழுக்கப் பொறியாளருடையது.

இதற்கெல்லாம் நூலகங்கள் வந்துவிட்டன, நிரலாளர் ஏன் இவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்று கேட்பார்கள். நூலகங்கள் இருப்பது உண்மை. வரிசைப்படுத்த, சீராக்க, எழுத்தெழுத்தாகப் பிரிக்க எல்லாவற்றுக்கும் நல்ல கருவிகள் உண்டு. ஆனால் கேட்டால்தான் கருவி கொடுக்கும். தேவை இருக்கிறது என்று தெரிந்தால்தான் கேட்கத் தோன்றும். 33 என்ற விடை பிழைச்செய்தியோடு வராது, சாதாரண எண்ணாகவே வரும். கருவியைத் தேடும்படி யாரும் உந்தமாட்டார்கள். செயற்கை நுண்ணறிவே இனி நிரல் எழுதிவிடும் என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். அந்த மாதிரிகளே உரையைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் உள்ளே வாங்குகின்றன. ஒரே கருத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதல் துண்டுகள் ஆவதற்குப் பைட் கணக்கும் ஒரு காரணம். எழுதித் தந்த நிரல் சரியா என்று பார்ப்பவர், எதைச் சரி என்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

குற்றம் யூனிகோடின் அமைப்பில்தான், நிரலாளர்மேல் இல்லை என்ற வாதம் இன்னும் கனமானது. அதில் நியாயம் உண்டு. நம் இலக்கணத்தில் க் என்ற மெய்யே அடிப்படை; அதோடு அ சேர்ந்து க ஆகிறது. யூனிகோடில் இது தலைகீழ். க அடிப்படை; புள்ளி போட்டு அகரத்தை நீக்கினால் க். எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே வார்ப்பு போதும் என்று கருதிய இஸ்கி தரத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு சேர்த்து 2010-இல் தரமாக அறிவித்ததற்கும் இந்த மனக்குறையே காரணம். ஆனாலும் டேஸ்-16 உலகம் முழுக்க வந்திருந்தால்கூட ஓர் எழுத்து ஒரு பைட்டில் அடங்கியிராது. கோப்பு எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்ற கேள்வியும் போயிராது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே நம் புள்ளி ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு மாறினால் பக்கம் முழுக்க அரைப்புள்ளிகள். எழுத்தைச் சேமித்தவரும் படிப்பவரும் ஒரே உடன்படிக்கையில் இருந்தால்தான் அது எழுத்து.

அந்த உடன்படிக்கைப் பிரச்சினை அழகர்மலைக்குப் புதிதல்ல. மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் உள்ள குகைத்தளத்தில், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு (ஏர்முனை) வணிகர், அறுவை (துணி) வணிகர் என்று கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். படிப்பதில் இருந்த பெரிய இடர், குறி எதுவும் இல்லாத ஓர் எழுத்தை க் என்று வாசிப்பதா க என்று வாசிப்பதா என்பதுதான். புள்ளி வழக்குக்கு வராத காலம். ஒரே காலத்திலும் ஒரே முறையிலும் எல்லாம் எழுதப்படவில்லை, அடுத்தடுத்து வந்த வெவ்வேறு எழுத்துமுறைகள் உண்டு என்று ஐராவதம் மகாதேவன் பிரித்துக் காட்டி, 2003-இல் வந்த தம் பெருநூலில் விரிவாக எழுதினார். கணினியின் மொழியில் சொன்னால், எந்தக் குறியேற்றம் என்று எழுதி வைக்காத கோப்பு. அவர் குறியேற்றத்தைக் கண்டுபிடித்தார்.

பிராமி எழுத்துகள் 2010-இல் யூனிகோடில் ஏறின. பழந்தமிழ்ப் பிராமிக்கு உரிய புள்ளி 2021-இல் தனியாகச் சேர்ந்தது. இந்த எழுத்துகளின் எண்கள் 69,632-இல் தொடங்குகின்றன. 16 பிட்டின் எல்லையான 65,535-ஐத் தாண்டிவிட்டதால் யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் வேண்டும். இன்றைய தமிழில் 'உப்பு' மூன்று எழுத்து, ஐந்து குறியெண், 15 பைட். அதையே பிராமியில் தட்டினால் மூன்று எழுத்து, ஐந்து குறியெண், 20 பைட். 16 பிட் அலகுகளாக எண்ணும் ஜாவா அதன் நீளத்தை 10 என்று சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் வெறுமனே யூடிஎஃப்8 என்று பெயரிட்ட பழைய அமைப்பு ஒரு குறியெண்ணுக்கு மூன்று பைட்டுக்கு மேல் இடம் கொடுக்காது. நான்கு பைட்டுக்கான அமைப்புக்கு வேறு பெயர். பெயரை நம்பிப் பழையதையே தேர்ந்தெடுத்த ஒரு பட்டியலில், அழகர்மலையின் உப்பு வணிகரை அவர் வெட்டுவித்த எழுத்திலேயே சேர்க்கப் பார்த்தால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும். கண்டிப்பான பயன்முறையை அணைத்து வைத்திருந்தால், சின்ன எச்சரிக்கை ஒன்றோடு ஏற்றுக்கொண்டு, அந்த எழுத்து தொடங்கும் இடத்தில் வரியை வெட்டிவிடும்.